மகள் ஹொஸ்டலில் தங்கலாமா?

ஜேர்மனியில் முதுமாணிப் படிப்புப் படிக்கும் தன் மகளைப் பற்றி வாசகியொருவர் எழுதியிருக்கிறார். கோடை விடுமுறையில் பிராக், வியன்னா, ரோம், பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களையும் தனியாகப் பார்த்துவர மகள் திட்டமிட்டிருக்கிறாளாம். இரவில் தங்கப்போவது ‘ஹொஸ்டல்’ எனப்படும் மலிவு விடுதிகளில். “ஓர் அறையில் எட்டுப்பேர், பத்துப்பேர் படுப்பார்களாம். ஆணும் பெண்ணும் கலந்தும் இருப்பார்களாம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பாரிசில் என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறான். அங்கே தங்கச் சொன்னாலும் கேட்கிறாள் இல்லை. போக விடலாமா?” என்பது அவரது கேள்வி.

போக விடலாம் சகோதரி. ஆனால் எந்த விடுதி, எந்த அறை, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது என்பதையெல்லாம் மகள் வீட்டிலிருந்தே தீர்மானித்துவிட்டுப் புறப்பட வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்கே கூடுதலான தொல்லைகள் வருகின்றன.

ஹொஸ்டல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாடசாலை விடுதியும் பல்கலைக்கழக விடுதியும்தான். அங்கே வார்டன் இருப்பார், மாலையானால் கேற் பூட்டப்படும், யார் வந்தார் யார் போனார் என்று கணக்கு இருக்கும். ஐரோப்பிய நகரங்களில் அது வழிப்பயணிகள் தங்கும் இடம். அறை முழுவதையும் வாடகைக்கு எடுக்காமல் ஒரு கட்டிலை மாத்திரம் ஓர் இரவுக்கு எடுத்துக்கொள்வது அதன் முறை. குளியலறை, குசினி, இருந்து கதைக்கும் கூடம் எல்லாம் பொது. ஹோட்டல் அறைக்குக் கொடுக்கும் காசில் மூன்றிலொரு பங்கு கொடுத்தால் இங்கே தங்கலாம். படிக்கும் பிள்ளைகளும் சிறு சம்பளக்காரரும் ஊர் பார்க்கக்கூடியதாக இருப்பது இதனால்தான்.

இதைத் தொடங்கி வைத்தவர் ஓர் ஆசிரியர். ஜேர்மனியில் அல்டேனா என்ற ஊரில் படிப்பித்த ரிச்சார்ட் ஷிர்மன், மாணவர்களைக் கால்நடையாகவே நெடுந்தூரம் அழைத்துச் சென்று நாட்டைக் காட்டும் வழக்கமுடையவர். 1909 ஓகஸ்ட் 26ஆந் திகதி அவ்வாறு போகும்போது இடியும் மழையுமாக அகப்பட்டுக்கொண்டார்கள். கிராமப் பாடசாலையொன்றில் வாங்குகளை ஒதுக்கி வைக்கோல் பரப்பிப் படுக்க இடம் கிடைத்தது. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் வெறுமையாகக் கிடக்கும் பாடசாலைகளை நடைப்பயணம் போகும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அந்த இரவில்தான் அவருக்குத் தோன்றியது. 1912இல் அல்டேனாவின் பழைய கோட்டைக்குள் முதலாவது நிரந்தர இளைஞர் விடுதி உருவாயிற்று. அன்றைய மரக் கட்டில்கள் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. 1932இல் அம்ஸ்டர்டாமில் பல நாட்டு விடுதிச் சங்கங்களும் கூடி ஒரு சம்மேளனத்தை அமைத்தன. ஷிர்மன் அதன் முதல் தலைவரானார்.

பெண்களுக்கென ஏற்பட்ட தங்குமிடங்கள் இதைவிடப் பழையவை. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1855இல், போர்முனைக்குப் போகும் தாதியரும் திரும்பி வரும் தாதியரும் தங்குவதற்காக மேரி ஜேன் கின்னெயார்ட் சீமாட்டி இலண்டனில் ஓர் இல்லத்தைத் திறந்தார். அதே ஆண்டில் எம்மா ரொபார்ட்ஸ் என்ற பெண்மணி தொடங்கிய பிரார்த்தனைக் குழுவும் இந்தப் பணியும் 1877இல் ஒன்றாக இணைந்தன. அந்த அமைப்பே வை.டபிள்யூ.சி.ஏ. கொழும்புக்கு வேலைக்குப் போன பெண்பிள்ளைகள் அதன் விடுதிகளில் தங்கியது நம்மில் பலருக்குத் தெரியும். ஊர்விட்டு ஊர் போகும் பெண்பிள்ளை எங்கே தலைசாய்ப்பாள் என்ற கவலை நம்முடைய தாய்மாருக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி, உங்கள் நித்திரையைக் கெடுத்த விடயத்துக்கு வருகிறேன். ஆணும் பெண்ணும் கலந்து படுக்கும் அறைகள் இருப்பது உண்மைதான். இதில் வேறெந்தக் கெட்ட நோக்கமும் இல்லை, வியாபாரக் கணக்கே காரணம். ஹொஸ்டல்காரர் விற்பது கட்டில்களை. கலப்பு அறையென்றால் கடைசிக் கட்டிலை யார் வந்தாலும் கொடுத்துவிடலாம். பெண்கள் அறையென்றால் ஒரு பெண் வரும்வரை அந்தக் கட்டில் வெறுமையாகவே கிடக்கும். ஆகையால் கலப்பு அறைகள் கூடுதலாகவும், சில இடங்களில் ஓரிரு யூரோ மலிவாகவும் இருக்கின்றன. ஆயினும் பெரிய நகரங்களின் ஹொஸ்டல்களில் பெண்களுக்கு மாத்திரமான அறையும் பெரும்பாலும் உண்டு. முற்பதிவு செய்யும்போது ‘ஃபீமேல் டோர்ம்’ என்று போட்டிருப்பதுதான் அது. ‘மிக்ஸ்ட் டோர்ம்’ என்றால் கலப்பு. அவசரத்தில் விலையை மாத்திரம் பார்த்து அழுத்துகிறவர்கள் கலப்பு அறையில் போய் இறங்குவார்கள். முற்பதிவு உறுதியானதும் வரும் மின்னஞ்சலில் அந்தச் சொல்லை மறுபடியும் வாசித்துப் பார்க்க வேண்டும். ஆறு கட்டில்களுக்கு மேற்படாத அறையை எடுப்பது நல்லது. பத்து, பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் இரவு முழுவதும் ஆள் வந்துபோய்க்கொண்டிருக்கும்.

ஒரு சிநேகிதியும் கூட வருவதாயிருந்தால் கணக்கை வேறுவிதமாகப் பார்க்கலாம். பல ஹொஸ்டல்களில் இருவர் தங்கும் தனியறைகளும் உண்டு. இரண்டு கட்டில்களின் விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் தனியறை கிடைத்துவிடும் நாட்கள் உண்டு, முக்கியமாகக் குளிர்காலத்திலும் வார நாட்களிலும்.

விலை நிலையானதன்று. விமானச் சீட்டைப் போல நாளுக்கு நாள் மாறும். கோடையில் பாரிசில் ஒரு கட்டிலுக்கு 40 முதல் 60 யூரோ வரை போகும். பிராக்கில் அதில் பாதியளவில் கிடைக்கும். வெள்ளி, சனி இரவுகள் எங்கும் விலை கூட. ஆகவே விலை கூடிய நகரங்களைத் திங்கள் முதல் வியாழன் வரையான நாட்களில் வைத்துக்கொண்டால் பத்து நாட் பயணத்தில் ஒரு நல்ல தொகை மிஞ்சும். இணையத்தில் காட்டும் விலைக்கு மேல் நகர வரி என்றொன்றும் உண்டு. பிராக்கில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 50 குரோணா, அதாவது ஏறக்குறைய 2 யூரோ. அம்ஸ்டர்டாமில் 2024 முதல் தங்கும் விலையில் நூற்றுக்கு 12.5 பங்கு. ரோமில் இந்த வரியை வரவேற்பு மேசையில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. துவாய்க்கு 2 முதல் 5 யூரோ வரை வாடகை கேட்பார்கள். அதை மிச்சம் பிடிக்க வீட்டிலிருந்து மெல்லிய துவாயொன்றைக் கொண்டுபோனால் போதும், தடித்த துவாய் மறுநாட் காலையில் ஈரத்தோடே பைக்குள் போகும்.

எந்த விடுதி என்பதற்கு வருவோம். ஹொஸ்டல்கள் எல்லாம் ஒரே வகையல்ல. சில இடங்களில் கீழ்த்தளத்தில் மதுச்சாலையும் மேலே கட்டில்களுமாக இருக்கும். அவர்களுக்கு வருமானம் கீழே. இரவிரவாகக் குடித்துக் கொண்டாட வருகிறவர்களுக்கான இடங்கள் அவை. பிராக்கிலும் அம்ஸ்டர்டாமிலும் இவை அதிகம். விளம்பரத்திலேயே ‘பார்ட்டி ஹொஸ்டல்’ என்று பெருமையோடு போட்டிருப்பதால் கண்டுபிடிப்பதும் இலகு. ஷிர்மனின் வழியில் வந்த இளைஞர் விடுதிச் சங்கங்களின் விடுதிகள் இதற்கு நேர்மாறானவை. குடும்பங்களும் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து தங்குவார்கள், சத்தம் என்றால் பிள்ளைகளின் சத்தம்தான். ஜேர்மனியிலுள்ள சங்க விடுதிகளில் தங்க அங்கத்துவ அட்டை வேண்டும். அந்த அட்டை மற்ற நாட்டுச் சங்க விடுதிகளிலும் செல்லும்.

முன்பு தங்கியவர்கள் எழுதிய குறிப்புகளை வாசிக்கும்போது மொத்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு விட்டுவிடக்கூடாது. தனியாகப் போன பெண்கள் அண்மைய மாதங்களில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேட வேண்டும். “காலையுணவு சுமார்” என்ற குறையைப் பொருட்படுத்தத் தேவையில்லை. “அறைக் கதவு பூட்டவில்லை”, “முறைப்பாடு சொன்னபோது வரவேற்பில் யாருமில்லை” என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அந்த இடம் வேண்டாம்.

வரவேற்பு மேசையில் 24 மணிநேரமும் ஆள் இருக்கிறாரா என்பது மிக முக்கியம். அண்மைக் காலத்தில் ஆளே இல்லாத விடுதிகளும் வந்துவிட்டன. கைத்தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்புவார்கள், அதை அழுத்தினால் கதவு திறக்கும். விலை மலிவுதான். ஆனால் நள்ளிரவில் அறையில் ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? முதற்தடவை தனியாகப் போகும் பிள்ளைக்கு அது ஏற்றதல்ல.

போய்ச் சேரும் நேரமும் அப்படித்தான். மலிவு பஸ்கள் அதிகாலை நான்கு மணிக்கும் நள்ளிரவுக்குப் பிறகும் கொண்டுபோய் இறக்கிவிடும். கட்டிலோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கொடுப்பார்கள். அதற்கு முன்பு போனால் பயணப் பொதியை வைக்க இடம் தருவார்கள், படுக்க இடம் தரமாட்டார்கள். பெரிய புகையிரத நிலையங்களைச் சுற்றிய தெருக்கள் பகலில் ஒரு மாதிரி, இரவில் வேறு மாதிரி. பிராங்ஃபேர்ட் பிரதான நிலையத்தின் எதிர்த்தெருக்களையும் அம்ஸ்டர்டாம் நிலையத்துக்குக் கிட்டிய சிவப்பு விளக்குப் பகுதியையும் உதாரணமாகச் சொல்லலாம். அங்கே கட்டில் மலிவாகக் கிடைத்தாலும் இழுவைப் பெட்டியோடு இரவு பன்னிரண்டு மணிக்கு நடக்க வேண்டிய தெரு அதுவல்ல. புதிய நகரத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருவது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். கோடையில் அங்கே இரவு எட்டரை, ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பது ஒரு வசதி.

பதிவு செய்யும்போது கடவுச்சீட்டைக் கேட்பார்கள். இத்தாலியில் தங்குபவரின் விபரத்தைப் பொலிசுக்கு அறிவிப்பது சட்டம். காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது. ஜேர்மன் வதிவிட அனுமதி உள்ளவர்கள் ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை வேறு விசா இல்லாமல் பயணிக்கலாம். நீங்கள் சொன்ன நான்கு நகரங்களும் அதற்குள் அடக்கம். ஆனால் கடவுச்சீட்டும் அனுமதி அட்டையும் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

அறைக்குள் போனால் இரட்டைத் தட்டுக் கட்டில்கள் இருக்கும். புதிய இடங்களில் ஒவ்வொரு கட்டிலுக்கும் திரைச்சீலை, சிறு விளக்கு, சார்ஜர் போடும் பிளக் எல்லாம் உண்டு. சாமான்களை வைக்காமல் முதலில் மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. 2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாரிஸ் முழுவதும் இதே பேச்சாக இருந்தது. மூட்டைப்பூச்சிக்கு ஏழை பணக்காரன் தெரியாது, நல்ல ஹோட்டல்களிலும் வரும். கண்டால் உடனே கீழே போய்ச் சொல்லி வேறு அறை கேட்க வேண்டும். படுக்கை விரிப்பை அவர்களே தருவார்கள். சொந்த உறக்கப் பையைப் பல இடங்களில் அனுமதிக்காததும் இந்தப் பூச்சிக்காகத்தான்.

ஹொஸ்டல்களில் தாய்மார் பயப்படுகிற விடயத்தைவிடத் திருட்டுத்தான் அதிகம் நடக்கிறது. அதுவும் பெரிய திருட்டல்ல. குசினியில் சார்ஜரில் போட்டுவிட்டு வந்த தொலைபேசி, கட்டிலில் விட்டுப்போன கைப்பை, இப்படித்தான். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சிறு பெட்டகம் இருக்கும். பூட்டை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பூட்டின் வளையம் மெல்லியதாக இருக்க வேண்டும், வீட்டுக் கேற்றுக்குப் போடுகிற பூட்டு அந்தத் துளைக்குள் போகாது. குளிக்கப் போகும்போதும் பெட்டகத்தைப் பூட்டிவிட்டே போக வேண்டும். கழுத்துச் சங்கிலியையும் காப்பையும் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெறுங்கழுத்தோடு போகிறாளே என்று உங்கள் மனம் கேட்காதுதான். ஆனால் ரோம் பஸ்களிலும் பாரிஸ் மெத்ரோவிலும் பொக்கற்றடிகாரர் பேர்போனவர்கள்.

உடை மாற்றுவது குளியலறைக்குள்தான். பல இடங்களில் கதவுள்ள தனித்தனிச் சிறு அறைகள் இருக்கும். சில இடங்களில் குளியலறை இருபாலாருக்கும் பொது, அதையும் முற்பதிவுக்கு முன்பே பார்க்கலாம். போகவர உடல் மூடும் ஒரு ஹவுஸ்கோட்டும் றப்பர்ச் செருப்பும் வேண்டும். மலசலகூடத்தில் கடதாசி மாத்திரம் இருக்கும், தண்ணீர் இராது. சிறு போத்தலொன்றைக் கூடக் கொண்டுபோவது நம்மவர் எல்லோரும் செய்கிற காரியம். இத்தாலி இதற்கு விலக்கு. வீடுகளில் கழுவுவதற்கான தொட்டி இருக்க வேண்டும் என்று 1975இல் சட்டமே போட்ட நாடு அது. ஹொஸ்டல்களில் இருந்தால் அதிர்ஷ்டம்.

அறையில் இருக்கும் ஒருவரால் மனம் சஞ்சலப்பட்டால், ஒன்றும் நடக்காவிட்டாலும்கூட, எழுந்துபோய் வரவேற்பில் வேறு அறை கேட்பதற்கு மகள் கூச்சப்படக் கூடாது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பொறுத்துப்போ, சமாளித்துக்கொள் என்று நாம் வளர்த்த வளர்ப்பு இந்த ஓரிடத்தில் உதவாது என்பதைத் தாயே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் அவசர அழைப்பு இலக்கம் 112.

ரோமில் மாத்திரம் இன்னொரு வழியும் உண்டு. கன்னியர் மடங்கள் பல தங்கள் கட்டிடங்களில் பயணிகளுக்கு அறை கொடுக்கின்றன. பெரும்பாலும் எந்த மதத்தவரும் தங்கலாம். விலை ஹொஸ்டல் கட்டிலைவிடக் கூட, ஹோட்டலைவிடக் குறைவு. இரவு பதினொரு மணியளவில் வாசற்கதவு பூட்டப்படும். உங்களுக்கு அது ஆறுதலாக இருக்கும், மகளுக்கு எப்படியோ தெரியாது!

சாப்பாட்டில்தான் ஹொஸ்டலின் உண்மையான மிச்சம் இருக்கிறது. குசினி உள்ள விடுதியாகப் பார்த்து எடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது சோறும் பருப்பும் சமைக்கலாம். சட்டி, கரண்டி, கோப்பை எல்லாம் இருக்கும், கழுவி வைத்துவிட வேண்டும். குளிரூட்டியில் வைக்கும் சாமானில் பெயரும் புறப்படும் திகதியும் எழுதி ஒட்டாவிட்டால் எறிந்துவிடுவார்கள். போகிறவர்கள் விட்டுச்செல்லும் அரிசி, மா, உப்பு, எண்ணெய் ஒரு தட்டில் இருக்கும். அதை யாரும் எடுக்கலாம், எடுப்பதில் வெட்கமில்லை. அடைக்கப்பட்ட மிளகாய்த்தூள் சிறு பொதியொன்று போதும். கருவாடு மாத்திரம் வேண்டாம், எட்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக எழும்பி வெளியே போய்விடுவார்கள். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பலசரக்குக் கடைகள் பூட்டு, பெரிய புகையிரத நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் காசைக் கரைக்கத் தேவையில்லை. வியன்னாக் குழாய்களில் வருவது மலையூற்று நீர், 1873 முதல் குழாய்வழி கொண்டுவருகிறார்கள். ரோமில் தெருவெங்கும் ஏறக்குறைய 2,500 குடிநீர்க் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும்.

பாரிசிலிருக்கும் தம்பி விடயம் எஞ்சியிருக்கிறது. தாய்மாமன் வீடிருக்க மருமகள் காசு கொடுத்து விடுதியில் தங்குவதா என்று நாலுபேர் கேட்பார்கள் என்பதுதான் உங்கள் மனக்கஷ்டம் என்று ஊகிக்கிறேன். அந்த வீட்டின் நிலைமையையும் எண்ணிப் பாருங்கள். நம்மவர் பலர் லா கூர்னேவ் போன்ற புறநகர்களில் இரண்டு அறை வீடுகளில் இருக்கிறார்கள். கணவன் ஒரு நேர வேலை, மனைவி இன்னொரு நேர வேலை. மருமகள் வந்தால் ஒருவர் லீவு போட வேண்டும், பிள்ளைகளின் கட்டிலைக் கொடுக்க வேண்டும். மருமகளும் மாமி சமைத்து வைத்துக் காத்திருக்கிறாரே என்று மாலை ஆறு மணிக்குத் திரும்பிவிடுவாள். மூன்று நாள் பாரிசில் இருந்தும் ஒரு குசினியையும் இரண்டு நாடகத் தொடர்களையும் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மாமன் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு, கையில் ஒரு சாமான், இரண்டு மணிநேரம் ஊர்க்கதை. அதில் எல்லோருக்கும் சந்தோஷம் இருக்கும். வட நிலையமாகிய கார் து நோர்ட் பக்கத்திலேயே பெரிய ஹொஸ்டல்கள் உண்டு. அங்கிருந்து ஐந்து பத்து நிமிட நடையில் லா ஷப்பல், நம்மவர் கடைத்தெரு. வடையும் கொத்துரொட்டியும் அங்கே கிடைக்கும். மாமன் வீட்டுக்குப் போகும் ரெயினும் அதே நிலையத்திலிருந்துதான். வேண்டுமென்றால் முற்பதிவு செய்வதற்கு முன்பே தம்பிக்கு நீங்களே தொலைபேசி எடுத்து விடயத்தைச் சொல்லிவிடுங்கள். வேறு வாயால் கேள்விப்பட்டால்தான் மனவருத்தம் வரும்.

நான்கு விடுதிகளின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், தங்கும் திகதிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மகளிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகரத்துக்கும் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், மணிக்கொரு தரம் வேண்டாம். கோடையில் நமக்கும் அந்த நாடுகளுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அவள் மாலை ஏழு மணிக்கு விடுதிக்குப் போய்ச் சேர்ந்து செய்தி அனுப்பினால் உங்களுக்கு அது இரவு பத்தரை மணிக்கு வரும்.